கோயில் மண்டபத்தில் இரண்டு பெண்களின் கல்யாணம்: சட்டம் எதுவரை, சமயம் எதுவரை?

உம்கேனிக்கரை (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு கோயில் நிர்வாகக் குழுவில் இருக்கிறேன். கோயில் பெயர் வேண்டாம். கோயிலை ஒட்டிய கல்யாண மண்டபத்தை இரண்டு பெண்கள் தங்கள் திருமணத்துக்குக் கேட்டிருக்கிறார்கள். இருவரும் நம் வீட்டுப் பிள்ளைகள், காவடிக்கும் திரௌபதியம்மன் தீமிதிக்கும் வருஷந்தோறும் வருகிறவர்கள். பதிவை உள்துறை அலுவலகத்தில் தனியாக முடித்துக்கொள்வார்களாம். மண்டபத்தில் மாலை மாற்றி உறவுக்காரர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும், முடிந்தால் குருக்கள் பூசை செய்து தாலி எடுத்துக் கொடுக்க வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

குழு இரண்டாகப் பிளந்துவிட்டது. நாட்டுச் சட்டம் அனுமதிக்கிறது, மறுத்தால் வழக்கு வரும் என்று பாதிப் பேர். சட்டம் வாசலோடு நிற்கட்டும், உள்ளே சாமி இருக்கிறது என்று மீதிப் பேர். ஆனால் தன்பாலினத் திருமணத்தை அனுமதித்த 2006ஆம் வருஷச் சட்டத்தில் உண்மையில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் இரண்டு பக்கத்திலும் பதில் இல்லை. என் நிலையை மறைக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்பதுதான். ஆனால் பெரியவர்களைத் தோற்கடித்துக் கொடுப்பதில் எனக்கு விருப்பமில்லை. விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

சாட்ஸ்வர்த் பெரியவர்

தங்கச்சி, அந்தப் பிள்ளைகள் மேல் எனக்குக் கோபம் கிடையாது. யாரையும் அடிக்கவோ, வேலையை விட்டு நீக்கவோ, வீட்டை விட்டுத் துரத்தவோ கூடாது. இரண்டு ஆண்கள் சேர்ந்திருந்தால் போலீஸ் பிடித்துப்போன அந்தக் காலம் போனது நல்லது என்றே சொல்வேன். ஆனால் திருமணம் வேறு விஷயம். அக்கினியை வலம் வந்து, அம்மி மிதித்து, மூன்று முடிச்சுப் போடுவது அரசாங்கம் கொடுத்த சலுகை இல்லை. இந்த அரசாங்கம் பிறப்பதற்கு முன்னாலேயே இருந்தது. அதை அரசாங்கம் திருத்தி எழுத முடியாது.

இந்தச் சட்டத்தை மக்கள் கேட்டா கொண்டுவந்தார்கள்? நீதிமன்றம் நாடாளுமன்றத்துக்கு ஒரு வருஷம் கெடு வைத்தது. ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கருத்துக் கேட்டார்கள். வந்தவர்களில் வேண்டாம் என்றவர்கள் எத்தனை பேர் என்று அன்றைக்குப் பேப்பர் படித்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும். ஆளுங்கட்சி தன் உறுப்பினர்களுக்கு மனசாட்சிப்படி வாக்களிக்கும் சுதந்திரம்கூடத் தரவில்லை.

நமக்கு மொழி போய்விட்டது. என் பேரப்பிள்ளைகளுக்குத் தேவாரத்தை ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்தால்தான் பாட வருகிறது. குடியிருப்பை இனவாரியாகப் பிரித்த குரூப் ஏரியா சட்டம் வந்து கேட்டோ மேனரை விட்டுத் துரத்தினபோது வீடும் போனது, தோட்டமும் போனது. கோயில் ஒன்றுதான் கையில் மிச்சம். அதிலும் சட்டம் கை வைத்தால் நாங்கள் எங்கே போவது?

ஃபீனிக்ஸ் வக்கீல்

ஐயா சொன்ன கெடுவும் உண்மை, கொறடா உத்தரவும் உண்மை. மீதியையும் சேர்த்து வைக்கிறேன்.

மாரி ஃபூரி, செசிலியா போன்டெய்ஸ் என்ற இரண்டு பெண்கள் 1994 முதல் சேர்ந்து வாழ்ந்தவர்கள். எங்களைத் திருமணமானவர்களாகப் பதியுங்கள் என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். 2005 டிசம்பர் 1ஆம் தேதி அரசியல் சாசன நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எழுதியவர் நீதிபதி ஆல்பி சாக்ஸ். 1961ஆம் வருஷத் திருமணச் சட்டத்தின் 30ஆம் பிரிவில் மணமக்களிடம் கேட்கும் உறுதிமொழியில் கணவன், மனைவி என்ற சொற்கள் மட்டும் இருப்பதால் ஒரு சாரார் முழுக்க வெளியே தள்ளப்படுகிறார்கள், இது சமத்துவத்துக்கு விரோதம் என்பது தீர்ப்பு. ஓராண்டுக்குள் நாடாளுமன்றம் சரிசெய்யாவிட்டால், பொதுவாகத் துணை என்று பொருள்படும் சொல் அந்த உறுதிமொழியில் தானாகவே சேர்ந்துவிடும் என்றும் சொல்லிவிட்டார்கள். நீதிபதி கேட் ஓரீகன் மட்டும் அந்த ஓராண்டும் எதற்கு, இன்றே சேர்த்துவிடலாம் என்று மாறுபட்டார். பாகுபாடு என்பதில் அவர்களுக்குள் மறுபேச்சு இல்லை.

நீதிபதிகள் இதைத் தம் விருப்பத்துக்குச் செய்யவில்லை. 1996 அரசியல் சாசனத்தின் 9ஆம் பிரிவு இனம், பால், மதம், மொழி என்று அடுக்கும் அதே வரிசையில் பாலியல் நாட்டத்தையும் வைத்திருக்கிறது. அதை எழுதியவர்கள் நாம் வாக்களித்து அனுப்பியவர்கள். 1993இன் இடைக்கால சாசனத்திலேயே அது இருந்தது. உலகத்தில் எந்த நாட்டுச் சாசனமும் அதற்கு முன் அப்படி எழுதியதில்லை. 1998இல் ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய சட்டம் விழுந்ததும் இதை வைத்துத்தான். நல்லது என்று ஐயாவே சொன்ன மாற்றம் அது. அதுவும் நீதிமன்றம் கொடுத்ததுதான், நாடாளுமன்றம் கொடுத்ததில்லை.

இனி மண்டபத்துக்கு வருவோம். குருக்கள் விஷயத்தில் குழப்பமே வேண்டாம். 2006ஆம் வருஷ சிவில் யூனியன் சட்டத்தின்படி ஒரு மத அமைப்பு தானே முன்வந்து விண்ணப்பித்து, அரசு அதை ஏற்ற பிறகுதான் அதன் குருமார் இந்தத் திருமணங்களைப் பதிவு செய்ய முடியும். விண்ணப்பிக்காத கோயிலின் குருக்கள் ஆசைப்பட்டாலும் சட்டப் பதிவு செய்ய முடியாது. 1961 சட்டத்தின் 31ஆம் பிரிவும் தன் சமய முறைக்கு ஒவ்வாத திருமணத்தை நடத்தும்படி எந்தக் குருவையும் கட்டாயப்படுத்தக் கூடாது என்கிறது. குருக்களின் கையைப் பிடித்து யாரும் தாலி எடுத்துக் கொடுக்க வைக்கப் போவதில்லை.

மண்டபம் அப்படியில்லை. 2000ஆம் வருஷச் சமத்துவச் சட்டம் தனியாருக்கும் பொருந்தும். பிரிட்டோரியாப் பக்கம் மோரலெட்டா பார்க் திருச்சபை, தன் கலைப் பள்ளியில் இசை சொல்லிக் கொடுத்தவரை அவர் தன்பாலீர்ப்பாளர் என்று தெரிந்ததும் நீக்கியது. அவர் ஆர்கன் வாசிக்கக் கற்றுக் கொடுத்தவர், வேதம் போதித்தவர் இல்லை, ஆகவே மதக் காரணம் சொல்லித் தப்ப முடியாது என்று 2008இல் சமத்துவ நீதிமன்றம் சொன்னது. உங்கள் மண்டபத்தில் பிறந்தநாள் விழா, அரசியல் கூட்டம், உடற்பயிற்சி வகுப்பு எல்லாம் நடக்கிறது என்றால், முதலில் கேட்கப்படுவது உங்கள் வாடகை ரசீதுப் புத்தகம்தான். கோயிலின் சடங்குக்கு மட்டுமே திறக்கிற மண்டபம் என்றால் வாதம் வேறு மாதிரிப் போகும்.

கரும்புக்காட்டுப் பேத்தி

தாத்தா, அரசாங்கம் பிறக்கும் முன்பே இருந்த திருமணம் என்று சொன்னீர்கள். அதே நியாயத்துக்காகத்தான் இந்த மண்ணில் நம் பெண்கள் ஜெயிலுக்குப் போனார்கள். அந்தக் கதை வள்ளியம்மையின் படத்துக்கு மாலை போடுவதோடு நின்றுவிடுகிறது. சட்டத்தில் என்ன நடந்தது என்று வீடுகளில் சொல்வதே இல்லை.

1913 மார்ச் 14. கேப் உச்ச நீதிமன்றம், நீதிபதி சியர்ல். பாய் மரியம் என்ற பெண் தன் கணவனிடம் வந்துசேர இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திருக்கிறார், இறங்க விடவில்லை. வழக்கு நீதிமன்றத்துக்குப் போனது. பலதார மணத்தை அனுமதிக்கிற மதத்தின் முறைப்படி நடந்த திருமணம், அந்த ஆளுக்கு ஒரே ஒரு மனைவிதான் என்றாலும், இந்நாட்டுச் சட்டத்தில் திருமணமே ஆகாது என்று தீர்ப்பு. முஸ்லிம் பெண்ணின் வழக்குதான். ஆனால் அந்த அளவுகோலை வைத்தால் தாலி கட்டிய இந்துப் பெண்ணும் மனைவி இல்லை, பார்சிப் பெண்ணும் மனைவி இல்லை, பிள்ளைகளுக்கு வாரிசுரிமையும் இல்லை.

அந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது? 1866இல் இங்கிலாந்தில் ஹைட் வழக்கு என்று ஒன்று. மார்மன் சபையில் நடந்த ஒரு திருமணத்தைப் பற்றியது. கிறிஸ்தவ உலகம் புரிந்துகொண்டபடி திருமணம் என்றால் ஓர் ஆணும் ஒரு பெண்ணும் மற்ற எல்லோரையும் விலக்கி ஆயுளுக்கும் சேர்ந்திருப்பது என்று அதில் வரையறுத்தார்கள். பேரரசு முழுக்க நீதிமன்றங்கள் அந்த வழியில் போயின. இங்கேயும் பொதுச் சட்டத்தில் திருமணம் என்றால் ஓர் ஆண், ஒரு பெண், மற்றவர்களுக்கு இடமில்லை என்றே நின்றது. 2005இல் நீதிமன்றம் போதாது என்று சொன்னது இந்த வரையறையைத்தான். ஒரே வாக்கியம், தாத்தா. அதன் ஒரு பாதி நம் ஆயாக்களை வெளியே நிறுத்தியது. இன்னொரு பாதி இந்த இரண்டு பெண்களை நிறுத்தியது. நம்மை நிறுத்திய பாதி அநியாயம், இவர்களை நிறுத்திய பாதி தர்மம் என்று பிரித்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

காந்தியின் டால்ஸ்டாய் பண்ணையிலிருந்து புறப்பட்ட பெண்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள், சிலர் கைக்குழந்தையோடு. அனுமதி இல்லாமல் மாகாண எல்லையைத் தாண்டி நியூகாசில் போய் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளிகளிடம் பேசினார்கள். 1913 அக்டோபர் வேலைநிறுத்தம் அங்கேதான் மூண்டது. ஒப்பந்தம் முடிந்த இந்தியர் மேல் போட்ட மூன்று பவுன் வரியும் இந்தத் திருமணப் பிரச்சினையும் சேர்ந்துதான் அந்தப் போராட்டம். வள்ளியம்மை மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சலோடு இருந்து, வெளியே வந்து 1914 பிப்ரவரி 22ஆம் தேதி இறந்தார். வயது 16.

தேவபக்தி மிகுந்த சட்டம் என்றால் என்ன என்று நமக்குத் தெரியும். யாருடைய தெய்வம் என்பதுதான் கேள்வி. 1949இல் கலப்புத் திருமணத் தடைச் சட்டம் வந்தபோதும் பின்னால் ஒரு திருச்சபையின் இறையியல் நின்றது. இனங்களைத் தனியே வைத்தது கடவுள் சித்தம் என்றார்கள். 1985 வரை அது சட்டம்.

சாட்ஸ்வர்த் பெரியவர்

மகளே, நன்றாக எழுதினாய். ஆனால் ஒரு இடத்தில் உன்னோடு ஒத்துப்போக முடியாது. 1913இல் நம் மதம் ஏற்ற திருமணத்தைச் சட்டம் ஏற்கவில்லை. சண்டை மதத்தின் பக்கம் நின்று சட்டத்தோடு. இப்போது சட்டம் ஏற்றதை மதம் ஏற்க வேண்டும் என்கிறீர்கள். இது நேர் எதிர்த் திசை. வள்ளியம்மை தாலிக்காகப் போனாள், தாலியை மாற்றுவதற்காகப் போகவில்லை.

கரும்புக்காட்டுப் பேத்தி

திசை வேறு என்பது சரி, அதை ஒத்துக்கொள்கிறேன். மதம் ஏற்க வேண்டும் என்று நான் கேட்கவில்லை. சட்டம் மதத்தைக் கேட்டு முடிவு செய்யக் கூடாது என்கிறேன். 1913இல் கேட்டது, நாம் கெட்டோம்.

மெரிபேங்க் அண்ணன்

நான் தமிழ்க் கிறிஸ்தவன். மூன்று தலைமுறையாக மெத்தடிஸ்ட். வெளியிலிருந்து பார்த்தால் சபைகளை அரசாங்கம் மிரட்டிப் பணிய வைத்துவிட்டது என்று தோன்றும். அப்படி இல்லை.

எங்கள் சபையில் எக்லேசியா டி லாங்கே என்ற பெண் போதகர், தன் பெண் துணையை மணக்கப்போவதாகச் சபையில் அறிவித்தார். பதவி போனது. வழக்கு அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனது. 2015இல் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்புச் சொல்லவில்லை. சபைக்குள் நடுவர் மன்றம் இருக்கிறது, முதலில் அங்கே போங்கள் என்று திருப்பி அனுப்பியது. சபையின் கோட்பாட்டுக்குள் நீதிபதிகள் அவசரப்பட்டு நுழைய மாட்டார்கள். டெஸ்மண்ட் டுட்டுவைவிடப் பெரிய பெயர் இந்த நாட்டுத் திருச்சபையில் உண்டா? அவர் மகள் ம்போ ஒரு பெண்ணை மணந்தார். 2016இல் ஆங்கிலிக்கன் சபையில் பூசை செய்யும் உரிமத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டி வந்தது. சபை விதி அது. அரசாங்கம் குறுக்கே வரவில்லை.

அதே சமயம் டச்சு ரிஃபார்ம்ட் சபை தன்பாலினத் திருமணத்துக்கு எதிராகத் தன் சொந்த விதிமுறையை மீறி 2016இல் எடுத்த முடிவை 2019இல் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த முடிவு பாகுபாடானது என்றும் சொன்னது. ஆகவே மதம் என்று சொன்னதும் நீதிமன்றம் வாசலிலேயே நின்றுவிடும் என்றும் நினைக்க வேண்டாம்.

என் விசுவாசத்தின்படி இது சரியா என்று நான் இன்னும் ஜெபித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் என் ஜெபத்தின் முடிவு பக்கத்து வீட்டுக்காரியின் வாரிசுரிமையைத் தீர்மானிக்கக் கூடாது. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஜோபர்க் புதியவன்

மதுரைப் பக்கம் சொந்த ஊர், வேலைக்காக ஜோஹானஸ்பர்க் வந்தவன். இங்குள்ள குடும்பங்களின் வரலாற்றுக்கு முன் நான் புதியவன், அதனால் ஊர்க் கதையை மட்டும் சொல்கிறேன்.

தாலியும் மந்திரமும் இல்லாவிட்டால் கல்யாணமே இல்லை என்று சட்டம் சொன்ன காலம் தமிழ்நாட்டிலும் இருந்தது. ஐயர் இல்லாமல், அக்கினி இல்லாமல் மாலை மாற்றிக்கொண்ட சுயமரியாதைத் திருமணங்கள் 1920களின் கடைசியிலிருந்தே நடந்தன. 1953இல் சென்னை உயர் நீதிமன்றம் அப்படி நடந்த ஒரு திருமணத்தைச் செல்லாது என்றது. எத்தனை வீட்டில் மனைவி மனைவி இல்லாமல் போனாள் என்று யோசியுங்கள். அண்ணா முதல்வரான பிறகு 1967இல் சட்டத்திருத்தம் நிறைவேறியது. இந்து திருமணச் சட்டத்தில் 7அ பிரிவு சேர்ந்தது. உறவினர், நண்பர் முன்னால் மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். முன்பு நடந்தவையும் செல்லும் என்று பின்னோக்கியும் எழுதினார்கள். அதற்குப் பிறகும் கோயில்களில் தாலி கட்டுவது நிற்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மீனாட்சி கோயிலில் வைத்துத்தான்.

2018இல் தூத்துக்குடியில் ஒரு கோயிலில் ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் மணந்துகொண்டார்கள். பதிவாளர் பதிய மறுத்தார். 2019இல் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன், மணமகள் என்ற சொல்லில் திருநங்கையும் அடக்கம், பதிவு செய் என்றார். தீர்ப்பில் மகாபாரதத்தையும் அரவானையும் எடுத்துக்காட்டியது எனக்கு நெஞ்சைத் தொட்டது. நம் மரபில் இதற்கு இடமே இல்லை என்று சொல்கிறவர்கள் கூத்தாண்டவர் கோயிலை ஒரு தடவை நினைத்துப் பார்க்கலாம்.

ஆனால் 2023 அக்டோபர் 17ஆம் தேதி இந்திய உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு உரிமை இல்லை, வேண்டுமானால் நாடாளுமன்றம் பார்த்துக்கொள்ளட்டும் என்று சொல்லிவிட்டது. இங்கே 2006இலேயே முடிந்த காரியம்.

சாட்ஸ்வர்த் பெரியவர்

தம்பி, அரவான் கதையில் ஒரு ராத்திரி கல்யாணம், மறுநாள் ஒப்பாரி. அதைக் குடும்பம் நடத்துவதற்கு முன்மாதிரியாகக் காட்டாதே. திருநங்கைகளின் பக்தியை நான் மதிக்கிறேன், அது வேறு. சுயமரியாதைத் திருமணம் சொன்னாயே, அது எனக்கு யோசிக்க வேண்டியதுதான். என் தகப்பனார் டர்பனில் பெரியார் பத்திரிகையைக் கப்பலில் வரவழைத்துப் படித்தவர்.

பெயர் வேண்டாம்

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். நானும் என் கணவரும் ஆண்கள். இரண்டு பேரும் தமிழர். சட்டப்படி மணமானவர்கள்.

தாத்தா, நீங்கள் மரியாதையாக எழுதுகிறீர்கள், அதனால்தான் எழுதத் துணிந்தேன். நாங்கள் பதிவுக்குப் போன அலுவலகத்தில் அங்கிருந்த அலுவலர் என் மதம் இதற்கு இடம் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டார். அன்றைக்குச் சட்டத்திலேயே அவருக்கு அந்த உரிமை இருந்தது. 6ஆம் பிரிவு. அமைச்சருக்கு எழுதிக் கொடுத்துவிட்டு மறுக்கலாம். அவருக்குப் பதில் செய்ய அங்கே வேறு ஆள் இல்லை. என் அம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்திருந்தார். வேறு ஊருக்குப் போய்ப் பதிந்தோம். அந்தப் பிரிவை 2020இல் நீக்கினார்கள். டீட்ரி கார்ட்டர் என்ற எதிர்க்கட்சி உறுப்பினர் தனி மசோதாவாகக் கொண்டுவந்தது. என் போன்றவர்கள் பல பேருக்கு அவர் பெயர்கூடத் தெரியாது, அதற்காகவே இங்கே எழுதி வைக்கிறேன்.

கோயில் குருக்கள் மறுத்தால் எனக்கு வலிக்கும், ஆனால் புரியும். அவர் சாமிக்கு வேலை பார்க்கிறார். அரசாங்கச் சம்பளம் வாங்கிக்கொண்டு மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் தன் வேதத்தை எடுத்து என் முன்னால் வைத்தால் அது வேறு. அவர் வேதம் எனக்குச் சட்டம் ஆகிவிடுகிறது.

பிறகு இவருக்கு அறுவை சிகிச்சை நடந்தபோது, நினைவில்லாத நிலையில், சம்மதக் கையெழுத்து யார் போடுவது என்று கேள்வி வந்தது. சுகாதாரச் சட்டத்தில் முதல் இடம் வாழ்க்கைத் துணைக்கு, அப்புறம்தான் தாய் தகப்பன். என் மாமனார் எங்களோடு அதுவரை பேசினதில்லை. நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். இரண்டு பேரும் விடிய விடிய ஒரே பெஞ்சில் இருந்தோம். திருமணம் என்ற காகிதத்தை எதற்காகக் கேட்கிறீர்கள், சும்மா சேர்ந்து இருந்துவிட்டுப் போங்களேன் என்று சொல்கிறவர்களுக்கு இதுதான் என் பதில்.

உம்கேனிக்கரை

எழுதினதுக்கு நன்றி தம்பி. குழுவில் இதைப் படித்துக் காட்டலாமா?

பெயர் வேண்டாம்

காட்டுங்கள் அக்கா. பெயர் மட்டும் வேண்டாம்.

போர்ட் லூயி தோழி

மொரீஷியஸிலிருந்து. எங்களுக்கு இங்கே திருமணம் வரை போகவே இல்லை. ஆண்களுக்கிடையிலான உறவைக் குற்றமாக்கிய, 1838இல் எழுதிய தண்டனைச் சட்டத்தின் 250ஆம் பிரிவு 2023 அக்டோபர் 4ஆம் தேதிதான் உச்ச நீதிமன்றத்தில் விழுந்தது. இந்தியாவில் தீர்ப்பு வந்த அதே மாதம். எங்கள் கோயில்களில் இதைப் பற்றிப் பேச்சே எடுக்க முடியாது. நீங்கள் மண்டபம் கொடுப்பதா என்று விவாதிக்கிறீர்கள். எனக்கு அதுவே பெரிய விஷயமாகத் தெரிகிறது.

ஒன்று மட்டும் சொல்லத் தோன்றுகிறது. என் சித்தி வீடு ரீயூனியனில். அது பிரான்ஸ் சட்டம். முதலில் நகர மண்டபத்தில் மேயர் முன்னால் கல்யாணம், அதன்பிறகுதான் கோயில். அந்தப் பதிவு இல்லாமல் சமயத் திருமணங்களை வழக்கமாக நடத்தி வைக்கும் குருக்கள் மேலேயே வழக்குப் போடலாம். 2013 மே மாதத்திலிருந்து தன்பாலினத் திருமணமும் அங்கே செல்லும். கோயிலுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை, ஏனென்றால் குருக்கள் கையில் அரசாங்க ரப்பர் ஸ்டாம்ப் கிடையாது. உங்கள் ஊரில் குருக்களே திருமணப் பதிவாளராகவும் இருக்கிறார் என்று படித்தேன். பாதிக் குழப்பம் அங்கேதான் என்று எனக்குப் படுகிறது.

ஃபீனிக்ஸ் வக்கீல்

சரியான இடத்தைத் தொட்டீர்கள். நம் குருமாரைத் திருமண அலுவலராக நியமிக்கும் வழி 1914ஆம் வருஷ இந்தியர் நிவாரணச் சட்டத்தில் கிடைத்தது. அன்றைக்கு அது வெற்றிதான், வள்ளியம்மை இறந்த சில மாதங்களில் வந்தது. ஆனால் அதற்கு ஒரு விலை இருந்தது. ஒருதார மணமாக இருக்க வேண்டும், பதிவாக வேண்டும். குருக்கள் அலுவலர் இல்லையென்றால், அல்லது பாரத்தை நிரப்பவில்லையென்றால், ஊரே கூடி நடத்திய கல்யாணமும் சட்டத்தில் காற்றோடு போனது. இன்று வரைக்கும் அப்படித்தான்.

சாட்ஸ்வர்த் பெரியவர்

வக்கீல் தம்பி, இதை வெளியில் கேட்கத் தயங்கினேன், இங்கேயே கேட்டுவிடுகிறேன். என் தங்கைக்குக் கோயிலில் கல்யாணம். எழுபதுகளில். நடத்தி வைத்தவர் பக்கத்துத் தோட்டத்துப் பூசாரி, பதிவு கிதிவு ஒன்றும் கிடையாது. மாப்பிள்ளை உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். மாப்பிள்ளையின் தம்பிமார் இப்போது வீட்டைக் கேட்கிறார்கள், நீ சட்டப்படி மனைவியே இல்லை என்கிறார்கள். பிள்ளைகள் கிடையாது. அவளுக்கு வழி உண்டா?

ஃபீனிக்ஸ் வக்கீல்

உண்டு ஐயா. நம்பிக்கையோடு இருக்கச் சொல்லுங்கள்.

இதில் இரண்டு தீர்ப்புகள் தெரிந்திருக்க வேண்டும், இரண்டும் டர்பன் உயர் நீதிமன்றம். 2007இல் சிங் வழக்கில் ஒரு பெண் தன் பதிவாகாத இந்துத் திருமணத்தை ஏற்று விவாகரத்துத் தரும்படி கேட்டார். நீதிமன்றம் மறுத்தது. ஆனால் அதன்பிறகு கோவிந்தர் வழக்கில், கணவன் உயில் இல்லாமல் இறந்துபோன இந்துப் பெண் வாரிசுரிமை கேட்டபோது, 1987ஆம் வருஷ உயிலில்லா வாரிசுச் சட்டத்தில் வரும் துணை என்ற சொல் ஒருதார இந்துத் திருமணத்தில் இருந்த விதவையையும் குறிக்கும் என்று தீர்ப்பு வந்தது. உங்கள் தங்கைக்குப் பொருந்துவது இது. பிள்ளைகள் இல்லாவிட்டால் சொத்து முழுவதும் அவருக்குத்தான் வரும், கொழுந்தன்மாருக்கு இல்லை. கல்யாணப் பத்திரிகை, போட்டோ, ஒரே முகவரிக்கு வந்த பில்கள், கல்யாணத்துக்கு வந்த பெரியவர்கள் இரண்டு பேரின் பிரமாண வாக்குமூலம், எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். இறந்தவர் சொத்துகளைக் கவனிக்கும் மாஸ்டர் அலுவலகத்தில் இறப்பைப் பதியும்போதே துணை என்று எழுதச் சொல்லுங்கள். வீட்டைக் காலி செய்ய வேண்டாம், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். தனிச் செய்தியில் என் எண்ணைத் தருகிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்தக் கோவிந்தர் தீர்ப்பு வானத்திலிருந்து விழவில்லை. 2004இல் டேனியல்ஸ் வழக்கில் ஒரு முஸ்லிம் விதவைக்காக அரசியல் சாசன நீதிமன்றம் போட்ட பாதை அது. 2002இல் ஒரு பெண் நீதிபதியின் பெண் துணைக்கும் ஓய்வூதியம் முதலான உரிமைகள் உண்டு என்று சொன்னதும் அதே நீதிமன்றம். எல்லாமே 9ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு வந்தவை. ஒன்றை உருவினால் மற்றது நிற்குமா என்று ஒரு வக்கீலாக எனக்குப் பயம் உண்டு.

சாட்ஸ்வர்த் பெரியவர்

நன்றி தம்பி. அவளிடம் இன்றைக்கே சொல்கிறேன்.

இரண்டு நாள் யோசித்துத்தான் இதை எழுதுகிறேன். நாட்டுச் சட்டம் என் மதத்தையோ இன்னொருவர் மதத்தையோ கேட்டு நடக்க வேண்டாம் என்பதை ஒத்துக்கொள்கிறேன். என் தங்கை விஷயத்தில் கொழுந்தன்மார் சட்டத்தைத்தான் காட்டுகிறார்கள், வெட்கமில்லாமல். அந்தப் பெண்களின் பதிவை நான் எதிர்க்கவில்லை. ஆனால் குருக்கள் தாலி எடுத்துக் கொடுப்பதை என் மனம் ஏற்கவில்லை. அதை நான் மாற்றிச் சொன்னால் பொய்யாகிவிடும்.

கரும்புக்காட்டுப் பேத்தி

அதைப் பொய்யாகச் சொல்ல வேண்டாம் தாத்தா. ஆனால் நீங்கள் இருக்கும்வரை முடியாது என்று கதவைப் பூட்டிவிடாதீர்கள். குருக்களையே கேளுங்கள். அவர் விரும்பினால்? அவர் மனசாட்சியையும் சட்டம் காப்பாற்றுகிறது, உங்கள் மனசாட்சியை மட்டும் இல்லை.

சாட்ஸ்வர்த் பெரியவர்

குருக்கள் கோயிலுக்குக் கட்டுப்பட்டவர். தன் இஷ்டத்துக்குச் செய்ய முடியாது. இதில் நீயும் நானும் ஒத்துப்போக மாட்டோம் மகளே.

மெரிபேங்க் அண்ணன்

எங்கள் சபையிலும் இதே இடத்தில்தான் பல வருஷமாக நிற்கிறோம்.

உம்கேனிக்கரை

குழுவுக்கு வைக்கப்போகும் தீர்மானத்தை எழுதியிருக்கிறேன், தவறு இருந்தால் திருத்துங்கள். "மண்டபம் வாடகைக்குக் கேட்கும் எவருக்கும் ஒரே வாடகை, ஒரே விதி: மது கூடாது, அசைவம் கூடாது, இரவு 11 மணிக்குள் முடிக்க வேண்டும். மணமக்கள் யார் என்று குழு கேட்காது. கருவறையிலும் யாகசாலையிலும் நடக்கும் சடங்குகளைக் குருக்களும் அறங்காவலர்களும் சேர்ந்து தனியாக முடிவு செய்வார்கள். மறுத்தால் காரணத்தை மணமக்களின் முகத்துக்கு நேராக, மரியாதையோடு சொல்ல வேண்டும்."

கடைசி வரியைச் சேர்த்தது நான். தூதுவிட்டு மறுப்பது நம் பழக்கம், அது வேண்டாம்.

ஃபீனிக்ஸ் வக்கீல்

மணமக்கள் யார் என்று கேட்காது என்பதில் வயதை மட்டும் விதிவிலக்காக வையுங்கள். 18 நிறைந்ததற்கு அடையாள அட்டை நகல் வாங்கிக்கொள்ளலாம். மற்றபடி நன்றாக இருக்கிறது.

சாட்ஸ்வர்த் பெரியவர்

மண்டபத்துக்கு நான் குறுக்கே நிற்க மாட்டேன் என்று உங்கள் தலைவரிடம் சொல்லுங்கள், அவர் எனக்குப் பழக்கம். குருக்கள் தாலி எடுத்துக் கொடுக்கும் தீர்மானம் வந்தால் அதற்கு என் எதிர் வாக்கைப் பதிந்துகொள்ளுங்கள். கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் வருவேன். மொய் வைத்துவிட்டுச் சாப்பிட்டு வருவேன்.